எல்லையில் நிற்கும் எஞ்சின்

2017 ஆகஸ்ட் 12ஆம் நாள். ஜெர்மனியின் தென்மேற்கில் ராஸ்டாட் என்னும் ஊரில், ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதைக்கு அடியில் புதிய சுரங்கப்பாதை தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று மண் உள்வாங்கியது. மேலே இருந்த தண்டவாளம் வளைந்து தாழ்ந்தது. கார்ல்ஸ்ரூ நகரையும் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரையும் இணைக்கும் அந்தப் பாதை அக்டோபர் 2 வரை, அதாவது ஏழு வாரங்களுக்கு மேல், மூடிக் கிடந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் சரக்கின் பெரும்பகுதி இதன் வழியேதான் செல்கிறது. நாளொன்றுக்கு 200 வரையிலான சரக்கு ரயில்கள் ஓடிய பாதை அது.

ரைன் ஆற்றுக்கு அக்கரையில் பிரான்ஸ் இருக்கிறது. அங்கே ஸ்ட்ராஸ்பூர்க் வழியாக இன்னொரு ரயில் பாதையும் இருக்கிறது. தண்டவாள இடைவெளியும் அதே 1,435 மில்லிமீட்டர்தான். ஆனாலும் ரயில்களை ஆற்றைக் கடந்து திருப்பிவிட முடியவில்லை. பிரான்ஸில் ஓட ஒப்புதல் பெற்ற எஞ்சின்கள் போதிய அளவில் இல்லை. பிரெஞ்சு மொழி தெரிந்த, அந்தப் பாதையில் பயிற்சி பெற்ற ஓட்டுநர்களும் இல்லை. சரக்கு லாரிகளுக்கும் படகுகளுக்கும் மாறியது. மிச்சம் தேங்கி நின்றது.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் எனக்கு, ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய பாடத்தை "எல்லைகள் இல்லாத ஐரோப்பா" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட மனம் வருவதில்லை. கடவுச்சீட்டைக் காட்டாமல் மனிதர் கடக்கலாம், லாரி கடக்கலாம். ரயில் எஞ்சின் மட்டும் ஏன் நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் வரலாறு, இயற்பியல், மொழி, குடிமையியல் நான்கும் ஓரிடத்தில் வந்து சேர்கின்றன. அதனால்தான் சக ஆசிரியர்களோடு இதைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வேகன் போகும், எஞ்சின் போகாது

முதலில் ஒரு வியப்பு. சரக்கு வேகன்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய எல்லைகளைத் தாராளமாகக் கடந்து வருகின்றன. 1880களில் சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் கூடிய நாடுகள் தண்டவாள இடைவெளி, சக்கரம், பஃபர் போன்றவற்றின் அளவுகளில் ஒத்துப்போயின. வேகன் கதவுகளுக்கு ஒரே சாவி இருக்க வேண்டும் என்பதும் அப்போது முடிவானது. இன்றும் அதைப் 'பேர்ன் சாவி' என்றே அழைக்கிறார்கள். 1922இல் பன்னாட்டு ரயில்வே ஒன்றியம் பாரிஸில் தொடங்கப்பட்டது.

அப்படியானால் எஞ்சினுக்கு மட்டும் என்ன சிக்கல்? வேகனுக்கும் பாதைக்கும் இடையில் உள்ள உறவு சக்கரத்தோடு முடிந்துவிடுகிறது. எஞ்சின் அப்படியல்ல. அது மேலே மின்கம்பியிடமிருந்து மின்சாரம் வாங்குகிறது. பாதையோரச் சிக்னல்களிடமிருந்து செய்தி வாங்குகிறது. ஓட்டுநர் வழியாகக் கட்டுப்பாட்டு அறையோடு பேசுகிறது. இந்த மூன்றையும் ஒவ்வொரு நாடும் தன் போக்கில் வளர்த்துக்கொண்டது.

ஒரு கண்டம், நான்கு மின்சாரம்

ஐரோப்பாவின் முதன்மை ரயில் பாதைகளில் பெரும்பாலும் நான்கு வகை மின்சாரம் ஓடுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, சுவீடன், நார்வே நாடுகளில் 15,000 வோல்ட்டு, 16.7 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். பிரான்ஸின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் அதிவேகப் பாதைகளிலும், டென்மார்க், ஹங்கேரி, போர்ச்சுகல் போன்ற நாடுகளிலும் 25,000 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ். இத்தாலி, பெல்ஜியம், போலந்து நாடுகளில் பெரும்பாலும் 3,000 வோல்ட்டு நேர்திசை மின்னோட்டம். நெதர்லாந்திலும் தென் பிரான்ஸிலும் 1,500 வோல்ட்டு நேர்திசை மின்னோட்டம்.

இது யாரோ பிடிவாதத்தால் செய்தது அல்ல. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து நியாயமான முடிவு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த ரயில் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைத் தாங்கவில்லை. தூரிகைகளில் தீப்பொறி பறந்தது. எனவே 50இல் மூன்றில் ஒரு பங்கான 16⅔ ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்து, 1912இல் பிரஷ்யா, பவேரியா, பாடன் ஆகிய ஜெர்மானிய அரசுகள் உடன்பாடு செய்துகொண்டன. அண்டை நாடுகள் சிலவும் அதையே பின்பற்றின. மின்கம்பி அமைத்து, துணைமின் நிலையம் கட்டி, நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் வாங்கிய பிறகு மாற்றுவது எளிதல்ல. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1950களில், பிரெஞ்சுப் பொறியாளர்கள் சாதாரண 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலேயே ரயில் ஓட்டும் முறையை நிலைநாட்டினார்கள். அதுவே சிக்கனமானது என்று தெரிந்தபோது மற்றவர்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள்.

நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. 1957இல் இந்திய ரயில்வே 25,000 வோல்ட்டு முறையை ஏற்றபோது, ஆலோசனை வழங்கியது பிரெஞ்சு தேசிய ரயில்வேதான். நாம் தாமதமாகத் தொடங்கியதால் புதிய முறையை நேரடியாக எடுத்துக்கொள்ள முடிந்தது. முன்னே போனவர்கள் பழைய முறையோடு கட்டுண்டார்கள்.

மின்னழுத்தம் மாறினால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் ஒரு கணக்காகவே போடலாம். 6,000 கிலோவாட் திறனுள்ள எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 25,000 வோல்ட்டில் சுமார் 240 ஆம்பியர். 15,000 வோல்ட்டில் 400 ஆம்பியர். 3,000 வோல்ட்டில் 2,000 ஆம்பியர். 1,500 வோல்ட்டில் 4,000 ஆம்பியர். கம்பியும் அதில் உரசும் பட்டையும் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்குவது கடினம். அதனால் பல மின்சாரங்களில் ஓடும் எஞ்சின்கள் 1,500 வோல்ட்டுப் பாதையில் முழுத் திறனோடு ஓடுவதில்லை.

மின்சாரம் வாங்கும் பாண்டோகிராப்பிலும் சிக்கல் உண்டு. மின்கம்பி நேர்கோட்டில் போகாமல் இடமும் வலமுமாக மாறி மாறிச் செல்லும்படி கட்டப்பட்டிருக்கும். பாண்டோகிராப்பின் பட்டை ஒரே இடத்தில் தேயாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கம்பி எவ்வளவு விலகிச் செல்லலாம் என்பதில் நாடுகள் வேறுபடுவதால் பட்டையின் அகலமும் வேறுபடுகிறது. ஜெர்மனியில் 1,950 மில்லிமீட்டர், சுவிட்சர்லாந்தில் 1,450. அகலமானது சுவிஸ் சுரங்கங்களில் இடிக்கும். குறுகலானது ஜெர்மன் கம்பியைத் தவறவிடும். அதனால்தான் பன்னாட்டு எஞ்சின் ஒன்றின் கூரையில் நான்கு பாண்டோகிராப்புகள் வரிசையாக மடங்கிக் கிடப்பதைப் படங்களில் பார்க்கிறோம்.

சிக்னல்களுக்கும் தாய்மொழி உண்டு

மின்சாரத்தையாவது மாற்றிக்கொள்ளலாம். 1961லேயே நான்கு மின்சாரங்களிலும் ஓடும் பயணிகள் ரயிலைச் சுவிட்சர்லாந்து உருவாக்கிவிட்டது. சிக்னல்தான் பெரிய தடை.

ஓட்டுநர் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போனாலும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. நம் நாட்டில் இப்போது 'கவச்' என்ற பெயரில் அமைக்கப்பட்டு வருவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஐரோப்பாவில் இருபதுக்கும் மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. ஜெர்மனியில் பாதையோரக் காந்தங்கள் எஞ்சினுக்குச் செய்தி சொல்கின்றன. நெதர்லாந்தில் தண்டவாளத்தின் வழியே 75 ஹெர்ட்ஸ் மின்துடிப்பு அனுப்பப்பட்டு, எஞ்சின் அதைப் படிக்கிறது. பிரான்ஸ், இத்தாலி, பெல்ஜியம், போலந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முறை.

ராட்டர்டாமிலிருந்து இத்தாலி வரை ஒரே எஞ்சின் போக வேண்டுமானால், இத்தனை முறைகளுக்கான ஏற்பிகளையும் சுமந்து செல்ல வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஏற்பி மாட்ட இடம் குறைவு. ஓட்டுநர் அறையில் திரை வைக்க இடம் குறைவு. ஒரு கருவி இன்னொன்றின் அலைகளைக் குழப்பக் கூடாது. எல்லையைக் கடக்கும்போது ஒன்று அணைந்து மற்றொன்று சரியான நொடியில் விழித்துக்கொள்ள வேண்டும். இவை அனைத்தையும் சோதித்து எழுத்தில் மெய்ப்பித்தால்தான் ஒப்புதல்.

கண்ணுக்குத் தெரியாத தடை

ஒப்புதல் வேலையில் மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. அதை மாணவர்களுக்கு விளக்க ஒரு மின்கலமும் சிறு விளக்கும் போதும்.

ரயில் பாதை சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பகுதியின் இரு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டம் செலுத்தப்படும். மறுமுனையில் உள்ள ரிலே அதைப் பெற்றுக்கொண்டிருக்கும் வரை 'பாதை காலி' என்று பொருள். ரயில் வந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் ரிலேவை அடையாது, சிக்னல் சிவப்பாகும். இதற்கு டிராக் சர்க்யூட் என்று பெயர்.

இன்றைய எஞ்சின்கள் மின்னணுக் கருவிகளால் மின்சாரத்தை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை வெட்டி ஒட்டி மோட்டாருக்குத் தருகின்றன. அப்போது வேண்டாத அதிர்வெண்கள் சிலவும் பிறந்து, தண்டவாளம் வழியே துணைமின் நிலையத்துக்குத் திரும்புகின்றன. அவற்றுள் ஒன்று டிராக் சர்க்யூட்டின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் என்ன ஆகும்? ரயில் நிற்கும் பாதையைக் 'காலி' என்று ரிலே நம்பிவிடலாம். ஜெர்மனியில் 42, 100 ஹெர்ட்ஸ் சுற்றுகள் உண்டு. மற்ற நாடுகளில் வேறு எண்கள். ஒரு நாட்டில் தீங்கற்ற எஞ்சின் அடுத்த நாட்டில் ஆபத்தானதாக இருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு நாட்டின் தண்டவாளத்திலும் ஓட்டி, அளந்து, அறிக்கை தர வேண்டியிருக்கிறது.

ஒப்புதல் தருவது யார்?

நீண்ட காலம் இந்த அதிகாரம் அந்தந்த நாட்டிடமே இருந்தது. ஜெர்மனி ஒப்புதல் தந்த எஞ்சினைப் பிரான்ஸ் மீண்டும் முதலிலிருந்து சோதிக்கும், பிறகு பெல்ஜியம். ஒரே பிரேக் சோதனை மூன்று நாடுகளில், மூன்று மொழிகளில், மூன்று கட்டணங்களில். நாட்டுக்கு நாடு தனி விதிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றில் பல எங்கும் முறையாக வெளியிடப்படாமல் அலுவலக வழக்கமாகவே இருந்தன. ரயிலின் கடைசிப் பெட்டியில் விளக்கு எரிய வேண்டுமா, ஒளியைத் திருப்பியனுப்பும் தகடு போதுமா என்பதில்கூட ஒத்த கருத்து இல்லை.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜெர்மன் ரயில்வே 2008இல் புதிய அதிவேக ரயில்களை வாங்க ஒப்பந்தம் செய்தது. அவை பிரான்ஸ், பெல்ஜியம் வரை ஓட வேண்டும் என்பது திட்டம். 2011 இறுதியில் ஓடியிருக்க வேண்டிய ரயில்களுக்குத் தாய்நாட்டின் ஒப்புதல் கிடைத்ததே 2013 டிசம்பரில்தான். கட்டி முடித்த ரயில்கள் கொட்டகையில் காத்திருந்தன.

2004இல் ஐரோப்பிய ஒன்றியம் ரயில்வேக்கென ஒரு முகமையை உருவாக்கியது. அதன் தலைமையிடம் பிரான்ஸின் வாலன்சியன் நகரம். 2016இல் வந்த சட்டத் தொகுப்பு அதற்குக் கூடுதல் அதிகாரம் தந்தது. 2019 ஜூன் 16 முதல், ஒன்றுக்கு மேற்பட்ட நாடுகளில் ஓடும் வாகனத்துக்கு இந்த முகமையிடம் ஒரே விண்ணப்பம் தந்தால் போதும் என்ற நிலை, நாடுகள் சிலவற்றில் தொடங்கி 2020 அக்டோபர் இறுதிக்குள் ஒன்றியம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பொது விதிகளை ஒரு சான்றமைப்பு சரிபார்க்கும். எஞ்சிய நாட்டு விதிகளை இன்னொரு அமைப்பு சரிபார்க்கும். ஆபத்து மதிப்பீட்டை மூன்றாவது அமைப்பு பார்க்கும். இந்தக் கோப்புகளையும் தொடர்புடைய நாடுகளின் பாதுகாப்பு ஆணையங்களின் கருத்தையும் வைத்து முகமை ஒப்புதல் தரும்.

விண்ணப்பம் ஒன்றானது, சோதனைகள் ஒன்றாகிவிடவில்லை. எந்தெந்த நாடுகளில் ஓட வேண்டுமோ அந்தந்த நாட்டின் சிக்னல், மின்சாரம், டிராக் சர்க்யூட் எல்லாவற்றுக்கும் சான்று தேவைதான். ஆல்ப்ஸ் மலையின் நடுவே இருக்கும் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தின் உறுப்பு நாடும் அல்ல.

பொது மொழியிலும் வட்டார வழக்கு

எல்லா நாடுகளுக்கும் ஒரே சிக்னல் முறை என்ற எண்ணம் 1990களில் உருப்பெற்றது. அதற்கு ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை என்று பெயர். ராட்டர்டாமிலிருந்து ஜெர்மன் எல்லை வரை சரக்குக்கென்றே 2007இல் திறக்கப்பட்ட பெட்டுவே பாதை இந்த முறையில் அமைந்தது. ஆனால் அந்தப் பாதை முடிந்ததும் ஜெர்மனியின் பழைய காந்தங்கள் காத்திருக்கின்றன. அதனால் எஞ்சின் புதியதையும் சுமக்க வேண்டும். பழையதையும் விட முடியாது.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. பொது முறையே பல பதிப்புகளாக வளர்ந்தது. முதலில் அமைத்த நாடுகள் பழைய பதிப்போடு நின்றன. பின்னால் வந்தவை புதிய பதிப்பை எடுத்துக்கொண்டன. ஒரே விதியை இரு நிறுவனங்கள் இருவிதமாகப் புரிந்துகொண்டன. மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தால்கூட ஒப்புதலைத் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு எச்சரிக்கை தேவையா?

இந்தப் பாடத்தை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பிறகு ஏன் சார், எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக்கிவிடக் கூடாது?" நல்ல கேள்வி. அதற்கு நான் சொல்வது 2001 மார்ச் 27ஆம் நாள் பெல்ஜியத்தின் பெக்ரோ என்ற ஊரில் நடந்ததை. ஒரு ரயில் சிவப்பு சிக்னலைக் கடந்து எதிர்த்தடத்தில் ஓடத் தொடங்கியது. அதைக் கண்ட நிலையத்தில் இருந்தவர் பிரெஞ்சு பேசுபவர். எச்சரிக்க அவர் தொலைபேசியில் அழைத்த அடுத்த நிலையத்தில் இருந்தவர் டச்சு பேசுபவர். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியவில்லை. இரண்டு ரயில்கள் மோதின. எட்டுப் பேர் இறந்தார்கள். ஒரே நாட்டுக்குள், ஒரே ரயில்வேக்குள் நடந்தது இது.

ரயில்வே விதிகளில் பல இப்படி ஒரு விபத்துக்குப் பின் எழுதப்பட்டவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண் சிக்கலாகத் தெரிவது, கையெழுத்திடும் அதிகாரிக்கு உயிர்ப் பொறுப்பாகத் தெரிகிறது. அண்டை நாட்டு ஓட்டுநர் உள்ளூர் மொழியில் குறிப்பிட்ட தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்று ஒன்றியச் சட்டம் கேட்பதும் இதனால்தான். அதே சமயம், விதி ஒவ்வொன்றும் இன்றும் தேவைதானா என்று யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டதும் உண்மை. பழைய காரணம் மறைந்த பிறகும் விதி மட்டும் நீடித்தது.

இதற்கான விலையை ஐரோப்பா கொடுத்துவருகிறது. லிஸ்பனிலிருந்து வார்சா வரை ஒரு லாரி ஒரே ஓட்டுநரோடு போய்ச் சேரும். ரயிலுக்கு அது முடியாததால், ஒன்றியத்தில் தரைவழிச் சரக்கில் ரயிலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருக்கிறது. லாரியைவிட மிகக் குறைந்த கரியுமிலவாயுவை வெளியிடும் போக்குவரத்து இவ்வாறு பின்தங்குகிறது. எல்லைகளை அழித்த கண்டம் தன் காலநிலை இலக்கை எட்டுவதில் இதுவும் ஒரு தடைக்கல்.

வகுப்பறைக்குச் சில வழிகள்

தொடக்க வகுப்புகளில் ஒரு சிறு விளையாட்டு. நான்கு குழுக்கள், ஒவ்வொன்றும் 'நில்', 'போ', 'மெதுவாக' என்பவற்றுக்குத் தனக்கென்று சைகை வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஒரு மாணவரை 'எஞ்சினாக' நான்கு குழுக்களின் வழியே அனுப்புங்கள். எங்கே தடுமாறுகிறார், ஏன் என்று குழந்தைகளே சொல்வார்கள். அடுத்து, எல்லாருக்கும் ஒரே சைகை வைக்க வேண்டுமென்றால் யாருடையதை வைப்பது என்று கேளுங்கள். அங்கே எழும் வாக்குவாதம் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக நடக்கும் வாக்குவாதம்தான்.

உயர்நிலை அறிவியல் வகுப்பில் மேலே சொன்ன திறன் கணக்கையும், மின்கலம், விளக்கு, இரண்டு கம்பிகள் கொண்டு டிராக் சர்க்யூட் மாதிரியையும் செய்யலாம். இரு கம்பிகளின் குறுக்கே ஓர் ஆணியை வைத்தால் விளக்கு அணைவதைக் காட்டுங்கள். மின்கலத்தோடு தொடராக ஒரு மின்தடையைச் சேர்ப்பது நல்லது. இல்லையென்றால் குறுக்குச்சுற்றில் மின்கலம் சூடாகிவிடும்.

வரலாற்று வகுப்பில் அல்சாஸ் பகுதியை வரைபடத்தில் காட்டுங்கள். பிரான்ஸில் ரயில்கள் பொதுவாக இடப்பக்கத் தடத்தில் ஓடுகின்றன. அல்சாஸில் வலப்பக்கம். 1871 முதல் 1918 வரை அது ஜெர்மனியின் கையில் இருந்தது. ஆட்சி மாறி நூறாண்டு கடந்த பின்னும் தடம் மாறவில்லை. பழைய எல்லையருகே ஒரு தடத்தை மற்றொன்றின் மேல் பாலமாகத் தூக்கிப் பக்கம் மாற்றுகிறார்கள். ஒரு போரின் எல்லைக்கோடு எங்கே இருந்தது என்பதை இன்றும் அந்த மேம்பாலங்களைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். வரைபடத்தில் அதை மாணவர்களே தேடிக் குறிக்கட்டும்.